மூன்று பெயர்களும் ஒரு வாத்தும்

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில் வேதாசலத்தின் கடை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எந்த விசேஷம் வந்தாலும் அண்டா, கரண்டி, சேர், ஷாமியானா எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். கடை ஒன்றுதான். ஆனால் அதற்குப் பெயர் மூன்று.

முதல் பெண் சசிரேகா பிறந்த வருஷம்தான் வேதாசலம் கடை ஆரம்பித்தார். சந்தோஷத்தில் மகள் பெயரையே கடைக்கு வைத்தார். வாங்கிய அண்டாக்களில் எல்லாம் சிவப்பு பெயிண்டில் 'சசிரேகா' என்று எழுதினார். பிறகு ஹரி பிறந்தான். அவன் பெரியவனானதும் என் பெயர் எங்கே என்று கேட்க மாட்டானா? போர்டு மாறியது. புதிதாக வாங்கிய சேர்களின் முதுகில் பச்சையாக 'ஹரி' ஏறினான். கடைசியில் பவளம் பிறந்தாள். போர்டு மறுபடியும் மாறியது. அதற்குப் பிறகு வந்த ஷாமியானா, தாம்பாளம், ஜக்கு எல்லாவற்றிலும் மஞ்சள் எழுத்தில் 'பவளம்'.

பழைய பெயர்களை அழிக்க வேதாசலத்துக்கு மனசு வரவில்லை. பெற்ற பிள்ளையின் பெயரைத் துணியில் தின்னர் ஊற்றித் துடைக்க எந்த அப்பாவுக்குக் கை வரும்? சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டியின் முன்கண்ணாடியில் மட்டும் மூன்று பெயர்களையும் எழுதி வைத்திருந்தார். மீதிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துத்தான் அவர் வண்டி ஓட்ட வேண்டும்.

அந்தக் கடையில் நான்காவதாக ஒருவர் உண்டு. அது ஒரு வாத்து.

அறுவடை முடிந்த வயல்களில் மேய்ப்பதற்கு வாத்துக் கூட்டங்களை ஓட்டி வருவார்கள் அல்லவா? அப்படி வந்த கூட்டத்தில் கால் நொண்டிய ஒரு வாத்து பின்தங்கிப் போய்விட்டது. வேதாசலம்தான் அதை வரப்பிலிருந்து தூக்கி வந்தார். கால் சரியானதும் அது கடையிலேயே தங்கிவிட்டது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு மெல்ல நடப்பதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். கடை வாசலில் நசுங்கிப்போன ஒரு பழைய அண்டா கிடந்தது. அதை யாரும் வாடகைக்குக் கேட்க மாட்டார்கள். அதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும், மாப்பிள்ளை நாள் முழுக்கக் குளிக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார்கள்.

இப்படியே எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வைகாசியில் ஏரிக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு கல்யாணம் வரைக்கும்.

அந்தக் கல்யாணத்துக்குச் சேர் பற்றவில்லை என்று ஜான்சன் கடையிலிருந்தும் கொஞ்சம் வரவழைத்திருந்தார்கள். ஜான்சன் பஸ் நிலையத்துப் பக்கம் வாடகைக் கடை வைத்திருப்பவர். கல்யாணம் முடிந்து வேதாசலம் தன் சாமான்களை எடுக்கப் போனார். பொறுப்பாக நின்ற பெரியவர் தண்டபாணி சேர்களைத் தொட விடவில்லை.

"உன் கடை போர்டுல பவளம்னு கீது. இந்தச் சேர்ல ஹரின்னு கீது. எவன் சேரையோ உனக்குத் தூக்கிக் குடுத்துட்டு, நாளைக்கு நான் யார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிறது?" என்றார்.

ஹரி என் பையன்தான் என்று வேதாசலம் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் பையனைக் கூட்டிக்கொண்டு வா என்றார் தண்டபாணி. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வந்த ஹரி, கழுத்தில் அடையாள அட்டையோடு சேர்களுக்குப் பக்கத்தில் நின்றான். தண்டபாணி அட்டையில் இருந்த பெயரைப் படித்தார். சேரில் இருந்த பெயரையும் படித்தார். சரி, எடுத்துக்கொள் என்றார்.

அடுத்தது அண்டா. அதில் சசிரேகா என்று எழுதியிருந்தது. ஆறாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த சசிரேகாவையும் கூப்பிட்டு வர வேண்டியதாயிற்று. கல்யாண வீட்டில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, ஓர் அண்டாவுக்குப் பக்கத்தில் போய் நின்று 'நான்தான் சசிரேகா' என்று சொல்வது எவ்வளவு வெட்கமாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இவ்வளவு செய்தும் பாதிச் சேர்கள் திரும்பவில்லை. யாரோ அவசரத்தில் வேறு எந்த வண்டியிலோ ஏற்றிவிட்டார்கள். அவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வேதாசலம் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் பழைய ரசீதில் இருந்த நம்பரைப் பார்த்துப் போன் செய்து, அக்கா கல்யாணத்துக்கு நல்ல பாத்திரம் கொடுத்த 'சசிரேகா கடை'யைத் தேடி வந்ததாகவும், 'பவளம்' என்ற போர்டைப் பார்த்துவிட்டு வேறு கடை என்று நினைத்து ஜான்சனிடம் போய்விட்டதாகவும் சொன்னார். அதைக் கேட்டு வேதாசலம் பெருமூச்சு விட்டார்.

"கடையை மூடிடலாம்னு பாக்கறேன் கலா," என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். "உன் தம்பி கூப்பிட்டுக்கினேதான் கீறான். ஒரகடத்துல கம்பெனி வண்டி ஓட்டப் போயிடறேன்."

கதவுக்குப் பின்னால் நின்ற சசிரேகா அதைக் கேட்டுவிட்டாள். அம்மாவின் தம்பி சடையப்பன் மாமா அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறார். மாதத்தில் இரண்டு தடவை ஊருக்கு வருவார், வந்ததும் தூங்குவார், எழுந்ததும் பஸ் ஏறிவிடுவார். நைனாவும் அப்படி ஆகிவிடுவாரா? அப்பாவை அந்த வீட்டுப் பிள்ளைகள் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கடைக்கு ஒரே பெயர் இருக்க வேண்டும். எந்தப் பெயர் என்று தம்பி தங்கையிடம் கேட்டாள். ஹரி உடனே 'ஹரி' என்றான். ஏன் என்று கேட்டால், அதுதான் எழுதச் சுலபம் என்றான். சசிரேகா 'பவளம்' என்று வைக்கலாம் என்றதும் அவன் ஒரு சேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இதில் இருக்கும் என் பெயரை யார் அழிக்கிறார்கள் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டான். நான்கு வயதுப் பவளத்துக்குப் பெயரைப் பற்றிக் கவலையே இல்லை. அவள் ஹரியின் சேரில் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது கடைப் போன் அடித்தது. சசிரேகா எடுத்தாள்.

"வாத்துக் கடையா?" என்றது ஒரு குரல்.

இது பவளம் வாடகை நிலையம் என்றாள் சசிரேகா. அதெல்லாம் தெரியாது, வாசலில் வாத்து குளிக்குமே, அந்தக் கடைதானே என்று கேட்டார் அவர். கூழ் வார்ப்பதற்கு இரண்டு அண்டா வேண்டுமாம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு போன். அவரும் வாத்துக் கடையைத்தான் கேட்டார். சாயங்காலம் வந்த பெண்மணியோ, கடைக்குள் வந்ததும் முதலில் மாப்பிள்ளையை நலம் விசாரித்துவிட்டுத்தான் ஜக்கு கேட்டார்.

சசிரேகாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவர்கள் மூன்று பெயர்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ஊர் நான்காவதாக ஒரு பெயரை வைத்து வெகுநாள் ஆகியிருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது அவள் அதைச் சொன்னாள். எல்லாச் சாமானிலும் ஒரு வாத்துப் படம் போடலாம் என்றாள். வேதாசலத்தின் முகம் சுருங்கிவிட்டது. ஊரில் 'வாத்துக் கடை' என்று சொல்வது அவருக்கும் தெரியும். அது அவருக்குப் பிடிக்காது.

"வாத்துன்னா இன்னான்னு தெரியுமா? ஒண்ணும் தெரியாதவனைத்தான் வாத்துன்னு சொல்வானுங்க. அதை நானே என் போர்டுல எழுதிக்கணுமா?"

"சிரிச்சுக்கினேதான் சொல்றாங்க நைனா. ஆனா சிரிச்சுக்கினே நம்ம கடைக்குத்தான் வராங்க," என்றாள் சசிரேகா.

அப்படியானால் உங்கள் பெயரையெல்லாம் அழித்துவிட வேண்டுமா என்று கேட்டார் அவர். அவருடைய வருத்தம் அதுதான் என்று சசிரேகாவுக்குத் தெரிந்தது.

"வேணாம் நைனா. ஸ்கூல்ல நாங்க எல்லாரும் ஒரே யூனிபார்ம் போடறோம். பார்த்த உடனே எந்த ஸ்கூல்னு தெரியுது. அதுக்காக எங்க பேர் போயிடுச்சா? அண்டாவுக்கும் சேருக்கும் ஒரு யூனிபார்ம் போடலாம். பேர் அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கலா சிரித்துவிட்டு, பெண் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது என்றாள். வேதாசலம் ரசத்தை ஊற்றிக்கொண்டு, ஆடி மாதத்துக்கு மட்டும் செய்து பார்க்கலாம் என்றார். சடையப்பனுக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதும் ஆடியில்தான்.

வாத்து வரைவது சுலபம். 2 என்று எழுதி, கீழ்க்கோட்டிலிருந்து ஒரு முதுகு வளைத்தால் வாத்து வந்துவிடும். வீட்டில் எல்லோரும் பிரஷ்ஷைப் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிவதற்குள் கடை முழுக்க வாத்துகள். சசிரேகா தூரப் போய் நின்று பார்த்தாள். பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் வரைந்த வாத்துகள் வாத்துகள்போல இருந்தன. ஹரியின் வாத்துகளுக்கு மீசை இருந்தது. அம்மாவின் வாத்து டீ கெட்டில்போல இருந்தது. நைனா வரைந்தவை கோழியா கொக்கா என்று மாப்பிள்ளைக்கே தெரியாது. ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று நிறங்களும் இருந்தன. அண்டாவின் வயிற்றில் வரைந்த வாத்துகள், ஒரு தடவை விறகடுப்பில் ஏறி இறங்கியதும் கரிக்குள் மறைந்துவிட்டன.

அந்த வாரம் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போன சேர்கள் திரும்பி வரும்போது, கெட்டில் படம் போட்டது உங்களுடையது இல்லையே என்று அவர்கள் நான்கு சேர்களை நிறுத்திக்கொண்டார்கள். கலாவுக்குக் கோபம் வந்தது. அது வாத்துதான் என்று அவள் கடைசி வரை சொன்னாள்.

பெயர் மூன்றாக இருந்தபோது வந்த அதே வம்புதான் இது என்று சசிரேகா புரிந்துகொண்டாள். வாத்து வந்தால் மட்டும் போதாது. எங்கே பார்த்தாலும் அதே வாத்தாக இருக்க வேண்டும். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே இடம், ஒரே பக்கம் பார்க்கும் முகம்.

ஆனால் ஒரே மாதிரி நூறு தடவை யாரால் வரைய முடியும்? அவள் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆணியில் ஒரு பெரிய காக்கி உறை தொங்கியது. அதற்குள் நைனாவின் தோள்பட்டை எக்ஸ்ரே இருந்தது. போன வருஷம் அண்டாவை இறக்கும்போது தோள் பிசகிவிட்டது. எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் அந்தப் படம் ஆணியிலேயே இருந்தது. எக்ஸ்ரே தாள் கெட்டியாக, வளையக்கூடியதாக, தண்ணீர் பட்டாலும் ஊறாததாக இருந்தது.

அவள் நைனாவிடம் கேட்டாள். எடுத்துக்கொள், என் எலும்பு எங்கேயும் போகாது என்றார் அவர். சசிரேகா அதன் மேல் வாத்தை வரைந்தாள், கலா பிளேடால் கவனமாக வெட்டி எடுத்தாள். நடுவில் வாத்து வடிவத்தில் ஓர் ஓட்டை கிடைத்தது. இனி அதை எதன் மேல் வைத்து பெயிண்ட் ஒற்றினாலும் அதே வாத்துதான் வரும்.

பழைய வாத்துகளைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். நிறம் மஞ்சள், ஏனென்றால் தூரத்திலிருந்தே தெரியும். சேருக்கு முதுகின் நடுவில். அண்டாவுக்கு விளிம்பின் கீழே, காதை ஒட்டி. நெருப்பு அவ்வளவு உயரம் வராது. முகம் எப்போதும் வலது பக்கம். சசிரேகா எக்ஸ்ரேயை அசையாமல் பிடித்துக்கொள்வாள். ஹரி பெயிண்டில் தோய்த்த பஞ்சை ஒற்றுவான். மீசை கிடையாது என்பதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பவளம் சும்மா இருக்க மாட்டேன் என்று காலை உதைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு என்ன வேலை கொடுப்பது? சசிரேகா யோசித்தாள். வாத்துக்குக் கண் இல்லை. பவளத்தின் ஆள்காட்டி விரலைக் கறுப்பு பெயிண்டில் தொட்டு, வாத்தின் தலையில் வைக்கச் சொன்னாள். வட்டமாக ஒரு கண் வந்தது. சில வாத்துகளுக்குக் கண் கொஞ்சம் மேலே போயிற்று, சிலவற்றுக்குக் கீழே இறங்கியது. அதைச் சரி செய்ய சசிரேகாவுக்குக் கை துறுதுறுத்தது. பவளம் நாக்கை நீட்டியபடி அவ்வளவு கவனமாக வைப்பதைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

சேர், அண்டா, கரண்டிப் பெட்டி, ஷாமியானா மூட்டை, கடை போர்டு, வண்டிக் கதவு என்று எல்லாவற்றிலும் வாத்து ஏறியது. வண்டிக் கண்ணாடியில் இருந்த பெயர்கள் மட்டும் கதவுக்கு, வாத்தின் கீழே, இறங்கி வந்தன. இப்போது நைனா நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.

ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் ஞாயிறு வந்தது. பல தெருக்காரர்களும் ஒரே நாளில் ஊற்றினார்கள். வேதாசலத்தின் அண்டாக்களும் சேர்களும் போயிருந்தன, ஜான்சனுடையவையும் போயிருந்தன. சாயங்காலம் யாரும் எதிர்பார்க்காத மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பக்கமாகக் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். அண்டாவின் மேல் சேர், சேரின் மேல் அண்டா, யாருடையது எது என்று தெரியாத ஒரு பெரிய குவியல்.

வேதாசலம் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டார். நாளைக்குக் காலையில் சடையப்பன் போன் செய்வான் என்று மட்டும் சொன்னார்.

காலையில் சசிரேகாவும் அவரோடு வண்டியில் ஏறிக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றதும் இருவரும் இறங்கி அப்படியே நின்றுவிட்டார்கள்.

குவியல் இல்லை. முதல் வகுப்புக் குழந்தைகள் மணி அடிப்பதற்கு முன்பே வந்து, வாத்துப் போட்ட சேர்களை எல்லாம் தேடி இழுத்து, மைதானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருந்தார்கள். பெரிய பிள்ளைகள் அண்டாக்களைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை வாத்துகளும் ஒரே பக்கம் பார்த்தன. முன்னால் நின்ற ஒரு பொடியன், வேதாசலத்தைப் பார்த்ததும் விஷயத்தை விளக்கினான்.

"எல்லா வாத்தும் ஏரிக்குப் போவுது."

அவனுக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாது. ஆனால் ஒரு வாத்தைக்கூட அவன் விட்டுவிடவில்லை. வேதாசலம் வரிசையை முதலிலிருந்து கடைசி வரை நடந்து பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு வாத்தின் கொஞ்சம் மேலே போன கண்ணை விரலால் தடவினார். அவர் முகத்தைப் பார்த்த சசிரேகாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

இரண்டு அண்டாக்கள் மட்டும் குறைந்தன. அவற்றை எங்கே தேடுவது என்று நினைப்பதற்குள் போன் அடித்தது. ஜான்சன்.

"வேதாசலம், உன் வாத்து ரெண்டு என் வூட்டுல மேஞ்சுகினு கீது. வந்து ஓட்டிக்கினு போ," என்றார் ஜான்சன், சிரித்துக்கொண்டே. ராத்திரி மழையில் அவசரமாகத் தன் சாமான்களை எடுத்துப் போனபோது அவையும் கலந்துவிட்டனவாம். கூடவே, ஊரே பேசும் அந்த எக்ஸ்ரே வித்தையைத் தனக்கும் சொல்லித்தர வேண்டும் என்றார். அவர் கடைக்கு என்ன படம் போடலாம் என்று அப்போதே சசிரேகா யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவர்கள் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு கடைக்குத் திரும்பியபோது மறுபடியும் போன் அடித்தது. இந்தத் தடவை சடையப்பன் மாமா. சசிரேகா வண்டியிலிருந்து இறங்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எப்போது வருகிறீர்கள் என்று அவர் கேட்பது வெளியிலேயே கேட்டது.

வேதாசலம் கடையைப் பார்த்தார். வாசலில் மழைத்தண்ணீர் நிறைந்த நசுங்கிய அண்டாவில் மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தது.

"நான் வரல சடையப்பா," என்றார். "இங்க வாத்து மேய்க்க வேற ஆள் இல்ல."